கப்புல இருந்து கிராமுக்கு மாத்தினதும் கேக் சொதப்புதா? எங்க தப்புன்னு கண்டுபிடிக்கற வழி

ஒரு கப் மைதா எத்தனை கிராம்னு தேடினா 120ன்னு ஒருத்தர் சொல்வாங்க, 125ன்னு ஒருத்தர், 130, 142, 150ன்னு போய்க்கிட்டே இருக்கும், இதுல எது சரின்னு மண்டையைப் பிச்சுக்கறதுல அர்த்தமே இல்லை ஏன்னா எல்லாமே சரிதான். கேட்க வேண்டிய கேள்வி வேற: இந்த ரெசிபியை எழுதினவங்க அவங்க வீட்டுல கப்பை எப்படி ரொப்பினாங்க? அது தெரிஞ்சா கிராம் தானா வந்துடும். அது தெரியாம, ஒரு கப் இத்தனை கிராம்னு போட்டிருக்கற சார்ட்டைப் பார்த்து மாத்தினா தராசு வாங்கியும் பிரயோஜனம் இல்லை, தப்பான அளவை ரொம்பத் துல்லியமா அளந்து போடுவீங்க, அவ்ளோதான்.

அரிசியை ஆழாக்குல அளக்கறோம், ஒரு பிரச்சனையும் வரதில்லை, ஏன்னா அரிசி அழுத்தினா உள்ள போற சாமான் இல்லை. மாவு அப்படி கிடையாது. டப்பாவுல ஒரு வாரம் உட்கார்ந்த மாவு கீழ இறுகிக் கிடக்கும், அதுல கப்பை அப்படியே விட்டு வாரினா 145, 150 கிராம் வரும், சில பேர் டப்பா ஓரத்துல வெச்சு அழுத்தி எடுப்பாங்க, அது 160 கூட போகும். அதே மாவை ஸ்பூனால கிளறிவிட்டு, ஸ்பூன் ஸ்பூனா கப்புல போட்டு, கத்தியோட முதுகால தலைதட்டினா 120, 125. சலிச்சுட்டு அளந்தா 110 பக்கம். கப் அதே கப்தான்.

கீழ இருக்கறதெல்லாம் அறிகுறி வாரியா. உங்களுக்கு என்ன ஆச்சோ அதை மட்டும் படிங்க, ஆனா அதுக்கு முன்னாடி இந்த ரெண்டு சோதனையை ஒரு தடவை பண்ணி வெச்சிருங்க, பத்து நிமிஷ வேலை.

முதல் சோதனை உங்க கப்புக்கு. காலி கப்பைத் தராசுல வெச்சு ஜீரோ பண்ணுங்க, விளிம்பு வரைக்கும் தண்ணி ஊத்துங்க. எத்தனை கிராம் காட்டுதோ கிட்டத்தட்ட அத்தனை எம்எல் உங்க கப். அமெரிக்க கப்னா 237 பக்கம் வரணும், 240ன்னு போட்டு விக்கறதும் அதேதான், ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆஸ்திரேலியா கப் 250. ஜப்பான் ரெசிபில கப்னா 200. எலக்ட்ரிக் குக்கரோட ஒரு பிளாஸ்டிக் கப் குடுப்பாங்க பாருங்க, அது பெரும்பாலும் 180 எம்எல் அளவு, அரிசிக்கானது, அமெரிக்க கப்புல முக்கால்தான் வரும். அதை வெச்சு கேக்குக்கு மாவு அளக்கறவங்க நெறைய பேர் இருக்காங்க.

ரெண்டாவது சோதனை உங்க கைக்கு. கப்பைத் துடைச்சு நல்லா காயவெச்சு மறுபடி ஜீரோ பண்ணி, நீங்க வழக்கமா எப்படி அள்ளுவீங்களோ அப்படியே மைதா அள்ளித் தலைதட்டி நிறுத்துப் பாருங்க. மூணு தடவை பண்ணுங்க. மூணும் மூணு எண்ணா வரும், அதைப் பார்த்ததும் பாதி சந்தேகம் தீர்ந்துடும். அடுத்து ஸ்பூன்ல போட்டுத் தலைதட்டி ஒரு தடவை. ரெண்டு எண்ணையும் பென்சில்ல சமையல்கட்டு அலமாரிக் கதவுக்கு உள்பக்கம் எழுதி வைங்க.

கேக் காஞ்சுபோய் இருக்கு, நடுவுல குமிச்சு எழும்பி வெடிச்சிருக்கு, மறுநாள் தொண்டையில அடைக்குது

மாவு ஜாஸ்தி. பத்துல ஏழு எட்டு கேஸ் இதுதான்னு தைரியமா சொல்லலாம். ரெசிபில ஒன்றரை கப் மைதான்னு போட்டிருக்கு, எழுதினவங்க 120 கிராம் கப்னா அது 180 கிராம். நீங்க டப்பால விட்டு அள்ளினது 145ன்னா 218 கிராம் போட்டிருக்கீங்க. முப்பத்தெட்டு கிராம் கூட, அதாவது அஞ்சு டேபிள் ஸ்பூன் மாவு அதிகம். பட்டரும் சர்க்கரையும் முட்டையும் அதே அளவுதான், மாவு மட்டும் இருபது சதவீதம் ஏறியிருக்கு, இருக்கற ஈரத்தை எல்லாம் அது குடிச்சுட்டு இன்னும் குடுன்னு கேட்கும், அப்புறம் கேக் எப்படி மெத்துன்னு இருக்கும்.

ஆனா ஓவன் சூடு அதிகமா இருந்தாலும் நடுவுல வெடிக்கும், ஓடிஜில (மேடை மேல வெக்கற சின்ன கரண்ட் ஓவன்) இது சகஜம். ரெண்டையும் பிரிச்சுப் பார்க்க வழி இருக்கு. மேல்தோல் கருகின பிரவுன்ல இருந்து உள்ள ஓரளவு ஈரமா இருந்தா சூடு. மேல நிறம் சாதாரணமா இருந்து உள்ள மொத்தமும் இறுகி, கையில எடுத்தா பொடிப்பொடியா உதிர்ந்தா மாவு. பேட்டரா, அதாவது கலக்கின கேக் கலவையா இருக்கும்போதே தெரியும் இன்னொண்ணு: ஸ்பேச்சுலாவைத் தூக்கினா சாதாரண பட்டர் கேக் பேட்டர் பட்டையா மெதுவா விழணும், கட்டியா தொங்கிக்கிட்டு நின்னா மாவு கூடிடுச்சு.

அப்பவே கண்டுபிடிச்சுட்டீங்கன்னா ரெண்டு வழி. எத்தனை கிராம் கூடுச்சுன்னு தெரியும்னா மத்த எல்லாத்தையும் அதே விகிதத்துல ஏத்திடுங்க, இருபது சதவீதம் மாவு கூடினா பட்டர், சர்க்கரை, முட்டை, பேக்கிங் பவுடர் எல்லாம் இருபது சதவீதம் கூட, மிச்ச பேட்டரை ரெண்டு கப்கேக் மோல்டுல ஊத்திக்கலாம். அவ்வளவு பொறுமை இல்லைன்னா ரெண்டு மூணு டேபிள் ஸ்பூன் பால் ஊத்தி மெதுவா மடிச்சு விடுங்க, கேக் கொஞ்சம் சப்புனு இருக்கும், ஆனா காயாது. மாவு போட்டப்புறம் பீட்டர் வெச்சு அடிக்காதீங்க, அது இன்னும் இறுக்கிவிடும்.

குக்கீஸ் தோசை மாதிரி பரவி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சு

இது முன்னாடி சொன்னதுக்கு நேர் எதிர், மாவு கம்மி. வேடிக்கை என்னன்னா இது பெரும்பாலும் புதுசா தராசு வாங்கினவங்களுக்குத்தான் வரும். கப்புல அளந்தவரைக்கும் நல்லா வந்துச்சு, கிராமுக்கு மாறினதும் பரவுதுன்னு புலம்புவாங்க. காரணம் இதுதான்: சார்ட்ல 120ன்னு இருக்கு, ஆனா ரெசிபி எழுதினவங்க கப்பை மாவுல விட்டு அள்ளித் தலைதட்டற ஆளு. அமெரிக்காவுல கிங் ஆர்தர் மாவு கம்பெனி ஒரு கப் 120ன்னு கணக்கு வெச்சிருக்காங்க, ரெசிபியைச் சோதிச்சுப் பார்த்து வெளியிடற அமெரிக்காஸ் டெஸ்ட் கிச்சன் அஞ்சு அவுன்ஸ்னு வெச்சிருக்காங்க, அது 142 கிராம். ரெண்டு பேரும் பேர்போன ஆளுங்க, ரெண்டு பேர் ரெசிபியும் நல்லா வரும், ஆனா இவங்க ரெசிபிக்கு அவங்க சார்ட்டைப் போட்டா வராது. சாக்லேட் சிப் குக்கீக்கு ரெண்டே கால் கப்னு வைங்க, 120 கணக்குல 270 கிராம், 142 கணக்குல 320. அம்பது கிராம் மாவு இல்லாம குக்கீ எப்படி நிக்கும்.

ஆஸ்திரேலியா ரெசிபின்னா இன்னும் மோசம். அங்க கப்பே 250 எம்எல், ஒரு கப் மைதா 150 கிராம்னுதான் நெறைய ரெசிபில கணக்கு வெச்சுப்பாங்க. அதை 120ன்னு மாத்தினா அஞ்சுல ஒரு பங்கு மாவு அவுட். அவங்க டேபிள் ஸ்பூனும் 20 எம்எல், நம்ம கையில இருக்கறது 15, அதையும் பார்த்துக்கோங்க. அமெரிக்கா ரெசிபியா ஆஸ்திரேலியா ரெசிபியான்னு சந்தேகம் வந்தா சாமான் லிஸ்ட்டைப் பாருங்க, ஸ்டிக் பட்டர், ஆல் பர்ப்பஸ் ஃப்ளோர்னு இருந்தா அமெரிக்கா, காஸ்டர் சுகர், பிளைன் ஃப்ளோர்னு இருந்து அளவும் கப்புல இருந்தா ஆஸ்திரேலியாவா இருக்க வாய்ப்பு அதிகம், ஓவன் சூடு செல்சியஸ்ல இருந்தா கிட்டத்தட்ட முடிவே பண்ணிடலாம்.

மாவைத் தூக்கிப் போட வேண்டாம். ஒரே ஒரு குக்கீயை மட்டும் முதல்ல வேகவெச்சுப் பாருங்க, பரவுச்சுன்னா மிச்ச மாவுல ஒரு டேபிள் ஸ்பூன் மைதா, ஏழு எட்டு கிராம் வரும், அதைச் சேர்த்து இன்னொண்ணு டெஸ்ட் பண்ணுங்க. அதுக்கு முன்னாடி மாவை ஒரு அரை மணி நேரம் ஃப்ரிட்ஜ்ல வைங்க, ஏன்னா நம்ம ஊர் சூட்டுல பட்டர் உருகினதாலயும் பரவும், குளிர வெச்சும் பரவுச்சுன்னாதான் மாவு மேல பழி போடணும்.

எந்த சார்ட்டை நம்பறதுன்னே தெரியலை

எதையும் கண்ணை மூடிக்கிட்டு நம்பாதீங்க, ரெசிபிக்குள்ளயே துப்பு இருக்கும். முதல்ல அதே ஆளோட வேற ரெசிபில எங்கயாவது கப்பும் கிராமும் பக்கத்துல பக்கத்துல போட்டிருக்காங்களான்னு பாருங்க. ஒரு இடத்துல 2 கப், 250 கிராம்னு இருந்தா போதும், அந்த ஆளு 125. அவங்களோட எல்லா ரெசிபிக்கும் அதையே வெச்சுக்கலாம்.

அப்படி எங்கயும் இல்லைன்னா, பிரெட் ரெசிபியா இருந்தா கணக்குப் போட்டே கண்டுபிடிச்சுடலாம், எனக்கு இதுல ஒரு தனி சந்தோஷம். தண்ணியை எல்லாரும் ஒரே மாதிரிதான் அளப்பாங்க, அதை அழுத்தி ரொப்ப முடியாது. ரெசிபில 3 கப் மாவு, ஒன்னேகால் கப் தண்ணின்னு இருக்குன்னு வைங்க. தண்ணி 296 கிராம். மாவை 120ன்னு எடுத்தா 360 கிராம், தண்ணி மாவுல 82 சதவீதம். 142ன்னு எடுத்தா 426 கிராம், தண்ணி 69 சதவீதம். இப்போ செய்முறையைப் படிங்க. பத்து நிமிஷம் பிசைஞ்சா கையில ஒட்டாம வழுவழுன்னு வரும்னு எழுதியிருந்தா 82 சதவீதத்துல அது நடக்கவே நடக்காது, கூழ் மாதிரி கையெல்லாம் அப்பிக்கும், அப்போ அவங்க கப் கனமான கப், 140 பக்கம். பிசையவே வேண்டாம், பன்னெண்டு மணி நேரம் மூடி வைங்கன்னு எழுதியிருந்தா 82ம் இருக்கலாம். கையால பிசையற சாதாரண சாண்ட்விச் பிரெட் மாவு 60ல இருந்து 68, 70 சதவீதத்துக்குள்ளதான் இருக்கும், அதுக்கு எந்த கப் ஒத்துவருதோ அதுதான் அவங்க கப்.

கேக்குக்கு இவ்வளவு சுலபமா கணக்கு வராது. அப்படி எதுவும் துப்பு கிடைக்கலைன்னா அமெரிக்க ரெசிபிக்கு 125ல ஆரம்பிங்க, அமெரிக்க அரசு உணவு அட்டவணையிலயும் அதுதான் இருக்கு. அங்க மாவு பாக்கெட் பின்னாடி கால் கப் 30 கிராம்னு போட்டிருப்பாங்க, அது 120 கணக்கு. கேக்குல குறைச்சலா ஆரம்பிச்சு ஏத்தறது நல்லது, குக்கீல நடுவுல ஒரு 130. முதல் தடவை வந்ததைப் பார்த்து ரெசிபி ஓரத்துல 1 கப் இத்தனைன்னு எழுதிட்டீங்கன்னா அந்த ரெசிபிக்கு வேலை முடிஞ்சுது.

இந்தக் கப் பழக்கம் எங்க இருந்து வந்துச்சுன்னு கேட்டா, பாஸ்டன்ல சமையல் பள்ளி நடத்தின ஃபேனி ஃபார்மர்னு ஒரு அம்மா 1896ல போட்ட புத்தகத்துல கப்பும் ஸ்பூனும் தலைதட்டித்தான் அளக்கணும்னு அடிச்சுச் சொன்னாங்க. அதுக்கு முன்னாடி ஒரு கைப்பிடி, முட்டை அளவு பட்டர்னு இருந்த காலம், அதை வெச்சுப் பார்த்தா பெரிய முன்னேற்றம்தான். ஆனா தலைதட்டறதுக்கு முன்னாடி உள்ள எவ்வளவு அழுத்தியிருக்குன்னு தலைதட்டற கத்திக்குத் தெரியாது.

சலிச்சுப் போட்டேன், அப்புறமும் சரியா வரலை

ரெசிபில "சலிச்ச மைதா 1 கப்"னு இருக்கா, "மைதா 1 கப், சலிச்சுக்கவும்"னு இருக்கான்னு பாருங்க. முதல்ல சொன்னதுல சலிச்சுட்டு அளக்கணும், 110, 115 கிராம். ரெண்டாவதுல அளந்துட்டு சலிக்கணும், 120க்கு மேல. கிராம்ல போட்டா இந்தத் தலைவலியே இல்லை, முன்னாடி சலிச்சாலும் பின்னாடி சலிச்சாலும் 120 கிராம் 120 கிராம்தான்.

கப்தான் வேற, மத்தபடி எல்லாம் அதே கப்புலதான் அளந்தேன், பின்ன ஏன்?

இது நியாயமான கேள்வி. மாவு, சர்க்கரை, பால், எண்ணெய் எல்லாத்தையும் ஒரே கப்புல அளந்தா அது காப்பி டம்ளரா இருந்தாக்கூட விகிதம் மாறாது. மாட்டிக்கறது எங்கன்னா, மாவு கப்புல, பட்டர் கிராம்ல, முட்டை எண்ணிக்கைல, பேக்கிங் பவுடர் ஸ்பூன்லன்னு கலந்து வரும்போது. 250 எம்எல் கப்பை வெச்சு அமெரிக்க ரெசிபி பண்ணினா கப்புல அளந்ததெல்லாம் ஆறு சதவீதம் கிட்ட ஏறிடும், முட்டை ஏறாது. அது மட்டும்னா பெரிசா தெரியாது, அதோட அழுத்தி அள்ளினதும் சேர்ந்துச்சுன்னா தெரியும். குக்கர் கப்புன்னா முட்டை, பேக்கிங் பவுடர் எல்லாம் கணக்குக்கு மேல போயிடும், கேக் பொங்கி வழிஞ்சு நடுவுல குழிவிழும்.

பட்டர்ல இன்னொரு கோளாறு. அமெரிக்க ரெசிபில ஒரு ஸ்டிக்னா 113 கிராம், ஒரு கப் பட்டர் ரெண்டு ஸ்டிக், 226. இங்க கடையில கிடைக்கறது 100 கிராம் கட்டி, பார்க்க ஸ்டிக் மாதிரியே இருக்கும், ரெண்டு கட்டி போட்டா 26 கிராம் குறையும். குக்கீ பரவாம உருண்டையாவே நிக்குது, மாவெல்லாம் சரியா அளந்தேன்னு சொல்றவங்க பட்டரைப் பாருங்க. உப்பு போட்ட பட்டரா போடாததான்னும் பாருங்க.

கோதுமை மாவுக்கு மாத்தினேன், கல்லு மாதிரி வந்துச்சு

கப்புக்குக் கப் மாத்தினீங்களா? மாவுக்கு மாவு கப் எடை வேற. தலைதட்டின அமெரிக்க கப்புக்கு ஹோல் வீட் மாவு 113ல இருந்து 120, அரிசி மாவு 140க்கு மேல, ரவை 165 பக்கம், பாதாம் மாவு 96, கொக்கோ பவுடர் 84, கார்ன்ஃப்ளோர் 112ல இருந்து 128ன்னு ஆளுக்கு ஆள் சொல்வாங்க. அதனால மாத்தறதா இருந்தா எடைக்கு எடை மாத்துங்க, 120 கிராம் மைதாவுக்கு 120 கிராம் கோதுமை மாவு. பாதாம் மாவும் கொக்கோவும் இந்தக் கணக்குல வராது, அதுல பசைத்தன்மையே கிடையாது, மைதாவை முழுசா எடுத்துட்டு அதைப் போட்டா கேக் நிக்காது.

எடை சரியா இருந்தும் கல்லு மாதிரின்னா அது அளவுப் பிரச்சனை இல்லை, தண்ணி. சப்பாத்தி மாவுல தவிடு இருக்கு, மைதாவைவிட தண்ணி நெறைய குடிக்கும், அதுவும் மெதுவா குடிக்கும். பிசைஞ்சவுடனே சரியா இருக்கற மாவு அரை மணி நேரத்துல இறுகிடும், சப்பாத்திக்குப் பிசையறவங்களுக்கு இது சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால தண்ணியோ பாலோ ஒரு பத்து சதவீதம் கூட்டி, இருபது முப்பது நிமிஷம் மூடி வெச்சுட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க. முதல் தடவை முழுசும் மாத்தாம பாதிக்குப் பாதி போடுங்க.

கேக் ஃப்ளோர்னு (மைதாவைவிட பசைத்தன்மை கம்மியான மாவு) கேட்கற ரெசிபிக்கு வீட்டுலயே பண்றோம்ல, ஒரு கப் மைதாவுல ரெண்டு டேபிள் ஸ்பூன் எடுத்துட்டு ரெண்டு டேபிள் ஸ்பூன் கார்ன்ஃப்ளோர், அது கிராம்ல 105 மைதா, 15 கார்ன்ஃப்ளோர், மொத்தம் 120. நல்லா கலக்கணும், ரெண்டு மூணு தடவை சலிச்சா போதும்.

இனிப்பு சரியில்லை

சர்க்கரையும் மாவு மாதிரி ஏமாத்தும், ஆனா மாவு அளவுக்கு இல்லை. சாதாரண சர்க்கரை ஒரு கப் 200 கிராம். அதையே மிக்ஸில பொடிச்சுட்டா ஒரு கப் 113, 120 கிராம்தான். ஒரு கப் சர்க்கரைன்னு போட்டிருக்கற இடத்துல ஒரு கப் பொடிச்ச சர்க்கரை போட்டா பாதிக்குக் கொஞ்சம் மேலதான் போகுது, கேக் சப்புனு இருக்கறது மட்டும் இல்லை, ஈரமும் நிறமும் குறையும். பிரவுன் சுகர் கப்புன்னா அழுத்தி ரொப்பினது, 213 கிராம், சர்க்கரையில இது ஒண்ணுதான் அழுத்தி ரொப்பச் சொல்றது. அதுக்குப் பதிலா நாட்டுச்சர்க்கரை போடறவங்க கப்புல லூசா அளக்காம 213 கிராமே நிறுத்துப் போடுங்க.

உப்பு கரிக்குது, சோடா வாசனை வருது

அமெரிக்க ரெசிபில கோஷர் சால்ட்னு இருக்கும், அது பெரிய பரல். டைமண்ட் கிரிஸ்டல்னு ஒரு பிராண்ட் வெச்சு எழுதற ஆளுங்க நெறைய, அதுல ஒரு டீஸ்பூன் 3 கிராம் பக்கம், நம்ம பொடி உப்பு ஒரு டீஸ்பூன் 6 கிராம். ரெண்டு டீஸ்பூன்னு போட்டிருந்தா நீங்க ஒண்ணு போட்டா போதும். சமையலுக்கு வெச்சிருக்கற கல்லுப்பைக் கோஷர் சால்ட்டுக்குப் பதிலா போடாதீங்க, கேக்ல அங்கங்க பல்லுல படும்.

பேக்கிங் சோடா, பேக்கிங் பவுடர், ஈஸ்ட் இதையெல்லாம் சமையலறைத் தராசுல நிறுக்காதீங்கன்னுதான் சொல்வேன். ஒரு கிராம் வித்தியாசம் காட்டற தராசுல 3 கிராம் சோடான்னா அது ரெண்டரையாவும் இருக்கலாம் மூணரையாவும் இருக்கலாம். ஸ்பூனே பரவாயில்லை, தலைதட்டி அளங்க. இல்லைன்னா நகைக்கடை மாதிரி 0.01 கிராம் காட்டற குட்டித் தராசு ஒண்ணு வாங்கிக்கோங்க, 200 கிராம், 500 கிராம் வரைக்கும் தாங்கும், ஃபேனை நிறுத்திட்டு நிறுக்கணும், காத்துக்கே எண் ஓடும். ஈஸ்ட் அமெரிக்க சாஷேன்னா (குட்டிப் பாக்கெட்) 7 கிராம், ரெண்டே கால் டீஸ்பூன்.

தராசே தப்பா காட்டுதோன்னு சந்தேகம்

முதல்ல யூனிட்டைப் பாருங்க. பட்டன் தெரியாம அழுந்தி அவுன்ஸுக்குப் போயிருக்கும், 1 அவுன்ஸ் 28.35 கிராம், அது எண் சின்னதா இருக்கறதால சீக்கிரம் தெரிஞ்சுடும். தெரியாம மாட்டறது எம்எல் மோடு. நெறைய தராசுல எம்எல்னு ஒண்ணு இருக்கு, அது தண்ணிக்கோ பாலுக்கோ போட்ட கணக்கு, மைதாவோட எம்எல் அதுக்குத் தெரியாது. ஒரு கப் 240 எம்எல், அதனால எம்எல் மோடுல 240 வர வரைக்கும் மைதா போட்டேன்னு ஒருத்தங்க போட்டிருந்தா அது ரெண்டு கப் மைதா ஆச்சு. இதுல இருந்து வர கேக்கை எந்தப் பாலாலயும் காப்பாத்த முடியாது.

அடுத்தது, கொஞ்சம் கொஞ்சமா தூவினா எண் நகராம நிக்கறது. சின்னச் சின்ன மாற்றத்தைத் தராசு ஜீரோவோட ஆட்டம்னு நினைச்சு தானே சரிபண்ணிக்கும், நீங்க தூவித் தூவி அஞ்சாறு கிராம் போட்டிருப்பீங்க, அது பார்த்திருக்காது. பாத்திரத்தை லேசா அழுத்தி விட்டாலோ, ஒரே தடவையா ஒரு ஸ்பூன் போட்டாலோ நகரும். அதே மாதிரி ஜீரோ பண்ணிட்டு பட்டரைத் தேட ஃப்ரிட்ஜுக்குப் போனீங்கன்னா தராசு தானா அணைஞ்சுடும், திரும்பப் போட்டா கணக்கு போச்சு. அதுக்காகக் காலிப் பாத்திரத்தோட எடையை முதல்லயே எழுதி வெச்சுக்கோங்க, மொத்தத்துல இருந்து கழிச்சுக்கலாம். கனமான எவர்சில்வர் பேசினையும் சேர்த்துத்தான் தராசோட உச்ச அளவு, அதையும் மறக்காதீங்க.

தராசு சரியான்னு பார்க்க பிரிக்காத 500 கிராம் பட்டர் பாக்கெட் வைங்க. மேல சுத்தின பேப்பரும் அட்டையும் சேர்ந்து 500க்குக் கொஞ்சம் மேல காட்டணும், கீழ காட்டினா முதல்ல பேட்டரியை மாத்துங்க, அப்புறம் மேடை சமமா இருக்கான்னு பாருங்க, கிரானைட் மேல ஈரத்துணி கிடந்தாக்கூட மாறும்.

எல்லாம் கிராம்ல அளந்தும் தடவைக்குத் தடவை மாறுது

மழைக்காலத்துல மாவு ஈரம் இழுத்துடும், அதனாலதான்னு சொல்வாங்க. உண்மைதான், மைதாவுல எப்பவுமே பதிமூணு பதினாலு சதவீதம் வரைக்கும் ஈரம் இருக்கும், அது கொஞ்சம் ஏறி இறங்கும், ஆனா அது ரெண்டு மூணு சதவீதச் சமாச்சாரம், கப்புல வர இருபது சதவீதத்துக்கு முன்னாடி ஒண்ணுமே இல்லை. பிரெட் மாவுல மட்டும் கடைசி ரெண்டு ஸ்பூன் தண்ணியைக் கையில வெச்சுக்கிட்டு பார்த்து ஊத்துங்க.

அதைவிட முட்டையைப் பாருங்க. அமெரிக்க ரெசிபி எழுதறவங்க லார்ஜ் முட்டையை வெச்சு எழுதறாங்க, ஓடு நீக்கி 50 கிராம். நம்ம கடையில ஒரே அட்டையில பெரிசும் சின்னதும் கலந்து இருக்கும், ஓடு நீக்கி 40 கிராம்கூட வரும். மூணு முட்டை ரெசிபின்னா முப்பது கிராம் ஈரம் குறையுது, மாவு ஜாஸ்தி போட்ட அதே காஞ்ச கேக் வரும், நீங்க மாவைப் போட்டுத் திட்டிக்கிட்டு இருப்பீங்க. உடைச்சு அடிச்சு 150 கிராம் நிறுத்து ஊத்துங்க. ரெசிபியைப் பாதியாக்கும்போதும் இதுதான் வழி, அரை முட்டைன்னா 25 கிராம்.

இவ்வளவும் சரியா இருந்து இன்னும் நடுவுல வெடிக்குதுன்னா மாவை விட்டுடுங்க, ஓவன் தெர்மாமீட்டர் ஒண்ணு வாங்கி உள்ள கம்பியில தொங்கவிட்டுப் பாருங்க, திருகுல 180ன்னு வெச்சா உள்ள 210 ஓடிக்கிட்டிருக்கலாம்.